உதயகிரிக் கோட்டைக்குள் பார்க்க என்ன இருக்கிறது?

பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்துவிட்டு அரை நாள் மிச்சமிருக்கிறது, பக்கத்தில் உதயகிரிக் கோட்டைக்குப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். கண்டிப்பாகப் போங்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலைக்கு அருகே புலியூர்குறிச்சியில், நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது.

உள்ளே ஏறத்தாழ 90 ஏக்கர், நடுவில் ஒரு குன்று. இப்போது வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா. பலர் மான்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம்தான், ஏனென்றால் கோட்டையின் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது.

1741 குளச்சல் போரில் டச்சுக்காரர்கள் தோற்றபோது பிடிபட்டவர் அவர்கள் படை அதிகாரி டிலனாய். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா அவரையே தன் படைக்குப் பயிற்சி தர வைத்தார். முன்பிருந்த கோட்டை டிலனாயின் மேற்பார்வையில் கருங்கல்லால் வலுவாக்கப்பட்டது. உள்ளேயே பீரங்கி வார்க்கும் உலைக்கூடமும் எழுந்தது. ஆயுதத்துக்கு வெளியாரை நம்பியிருந்த ஒரு சிறு நாடு சொந்தமாக உலோகம் உருக்கிய இடம் இது. நம் மாவட்டத்தின் பழைய தொழிற்சாலை என்றே சொல்வேன்.

அப்புறம், கூரையில்லாத தேவாலயம். 1777-ல் இறந்த டிலனாய் அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். கல்லறைக் கல்லருகே குனிந்து பாருங்கள்: லத்தீனும் தமிழும் ஒரே கல்லில். எங்கிருந்தோ கைதியாக வந்தவருக்கு நம் எழுத்தில் வெட்டிய வரிகள். நான் போகும்போதெல்லாம் அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிடுவேன்.

மதிலை ஒட்டி நடக்கும்போது கற்களின் பொருத்தத்தைக் கவனியுங்கள். வேர் நுழைந்த இடங்களில் மேலே ஏற வேண்டாம், கல் நகரும். மழைக்காலத்தில் பாசி வழுக்கும், நல்ல செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். காலையிலேயே போனால் வெயிலுக்கு முன் நடந்து முடித்துவிடலாம்.