மகன் கடலுக்குள், அம்மாவுக்குச் சுறா பயம்

கேள்வி: என் மகன் கல்லூரி நண்பர்களோடு அந்தமான் போகிறான், ஹேவ்லாக்கில் ஸ்கூபா டைவிங்குக்குப் பணமும் கட்டிவிட்டான். போன வாரம்தான் 'ஓபன் வாட்டர்' என்ற சுறாப் படத்தைப் பார்த்துத் தொலைத்தேன். உண்மைக் கதை என்று வேறு சொல்கிறார்கள். போக வேண்டாம் என்று சொல்லிவிடட்டுமா?
– ஒரு வாசகி, கோவை

பதில்: போகட்டும் விடுங்கள். அந்தப் படத்துக்கு அடிப்படையான சம்பவம் நிஜம்தான். 1998 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் என்ற பவளப்பாறைத் தொடருக்கு டைவிங் கூட்டிப்போன படகு ஒன்று, ஓர் அமெரிக்கத் தம்பதி இன்னும் தண்ணீருக்குள் இருக்கும்போதே கரைக்குத் திரும்பிவிட்டது. ஆட்களைச் சரியாக எண்ணவில்லை. இரண்டு பேர் குறைகிறார்கள் என்பது தெரியவே இரண்டு நாள் ஆனது, உடல்கள் கிடைக்கவேயில்லை. அவர்கள் எப்படி இறந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது, சுறா கடித்தது எல்லாம் படம் எடுத்தவர்கள் போட்டு நிரப்பியது. அதற்காக பஹாமாஸில் மீன் துண்டுகளைப் போட்டு நிஜச் சுறாக்களையே வரவழைத்துப் படம்பிடித்தார்கள், அதனால்தான் உங்களுக்குத் தூக்கம் போயிருக்கிறது. அந்தக் கடற்கரை இருக்கும் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் அந்தச் சம்பவத்துக்குப் பிறகு கடுமையாக்கியது ஆட்களை எண்ணும் விதியைத்தான்!

எனவே மகனிடம் சுறாவைப் பற்றிக் கேட்காதீர்கள். படகு கிளம்பும் முன் ஆள் எண்ணுகிறார்களா, ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ இருந்தால் மருத்துவப் படிவத்தில் மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள் (பசங்க நண்பர்கள் முன்னால் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று டிக் அடித்துவிடுவார்கள்). மூக்கு அடைத்திருந்தால் அன்றைக்கு இறங்கவே கூடாது. உள்ளே மூச்சை அடக்கவும் கூடாது, ஏனென்றால் மேலே வர வர நுரையீரலில் இருக்கும் காற்று விரியும், அடக்கியிருந்தால் நுரையீரல் கிழியும். அப்புறம் விமான டிக்கெட்டைப் பாருங்கள். ஒரே ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரமாவது கழித்துத்தான் விமானம் ஏற வேண்டும்.

கேள்வி: 'ஜாஸ்' என்ற சுறாப் படம் வந்த பிறகு ஜனங்கள் கடலுக்குள் இறங்கவே பயந்தார்களாமே, ஸ்கூபா தொழில் படுத்துவிட்டதா?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: பயந்தது உண்மை, தொழில் படுக்கவில்லை. 1975-இல் படம் வந்தது, அதற்குப் பிறகும் டைவிங் பயிற்சி வளர்ந்துகொண்டுதான் போனது. அடி வாங்கியது சுறாதான், கொன்று கொண்டுவந்து பக்கத்தில் நின்று போட்டோ எடுப்பது வீரமாகிவிட்டது. படத்துக்கு மூலமான நாவலை எழுதிய பீட்டர் பெஞ்ச்லியே பிற்காலத்தில் சுறா பாதுகாப்புக்காகப் பேசித் திரிந்தார். படத்தை இயக்கிய ஸ்பீல்பெர்க்கும் 2022-இல் இதற்காக வருத்தம் தெரிவித்தார்.

அந்தப் படத்தில் கூண்டுக்குள் இறங்கிய ஆளைச் சுறா தாக்கும் காட்சியை எப்படி எடுத்தார்கள் தெரியுமா? படத்தில் சுறாவின் நீளம் 25 அடி, நிஜ வெள்ளைச் சுறா அவ்வளவு வளராது. எனவே தெற்கு ஆஸ்திரேலியக் கடலில் ரான், வேலரி டெய்லர் தம்பதி நிஜச் சுறாவைப் படம்பிடிக்கப் போனபோது, சுறா பெரிதாகத் தெரிய வேண்டும் என்று சின்னக் கூண்டு செய்து குள்ளமான ஒருவரை உள்ளே விட ஏற்பாடானது. ஆள் இல்லாத நேரத்தில் ஒரு சுறா கூண்டின் கயிற்றில் சிக்கிக்கொண்டு, விடுபடத் துள்ளித் துள்ளிக் கூண்டையே நாசமாக்கிவிட்டது. அந்தக் காட்சி அவ்வளவு நன்றாக அமைந்ததால், கூண்டுக்குள் சாக வேண்டிய பாத்திரத்தைப் பிழைக்க வைத்துக் கதையையே மாற்றினார்கள். மாட்டிக்கொண்டு தவித்த மீனைத்தான் உலகமே கொலைவெறி என்று பார்த்து நடுங்கியது.

இன்னொன்று, சுறா கடித்ததாகப் பதிவாகும் சம்பவங்களில் பெரும்பங்கு மேலே அலைச்சறுக்கு செய்பவர்களும் நீந்துபவர்களும்தான், ஸ்கூபா டைவர்கள் மிகக் குறைவு. டைவர்கள் இப்போது சுறா பார்ப்பதற்கென்றே காசு கொடுத்துப் போகிறார்கள். மாலத்தீவில் ஃபுவாமுலா தீவுக்குப் புலிச் சுறா பார்க்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள், அந்த நாடு 2010-இலேயே சுறா பிடிப்பதைத் தடை செய்துவிட்டது.

கேள்வி: சரி, நிஜமாகவே சுறா எதிரே வந்துவிட்டால்?
– அதே வாசகர்

பதில்: அடித்துப் பிடித்து மேலே ஓடாதீர்கள், அதுதான் ஆபத்து. பயிற்சியாளர் பக்கத்தில் நின்று, கையைக் காலை உதறாமல், கண்ணை அதன் மேலேயே வைத்துக்கொள்ளுங்கள். கேமராவை எடுப்பதற்குள் அது போயிருக்கும்.