அட்டவணையைச் சமன்பாடாக மாற்ற முடியுமா?

கேள்வி: வெயிலில் வேலை செய்பவர்களை எச்சரிக்க ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகையில் கருவி ஒன்று செய்கிறேன். கையில் ஓர் அட்டவணை இருக்கிறது. வெப்பநிலை 27 முதல் 43 டிகிரி செல்சியஸ் வரை 17 பத்திகள். ஈரப்பதம் 40 முதல் 100 சதவீதம் வரை 13 வரிசைகள். உள்ளே ‘உணரும் வெப்பம்’ (ஈரப்பதமும் சேர்ந்து உடலுக்குத் தோன்றும் வெப்பநிலை) முழு எண்ணில். இதை ஒரே சமன்பாடாக்க வேண்டும். எக்ஸெல் சர்ஃபேஸ் சார்ட்டில் (முப்பரிமாணப் பரப்புப் படம்), பொருந்தும் கோட்டையும் அதன் சமன்பாட்டையும் தரும் ட்ரெண்ட்லைன் வசதியே வரவில்லை.

பதில்: வராது. முப்பரிமாணப் படங்களுக்கு எக்ஸெல்லில் ட்ரெண்ட்லைன் கிடையாது. அட்டவணையை முதலில் பிரித்துப் போடுங்கள்: ஒரு கட்டத்துக்கு ஒரு வரி, வரிக்கு வெப்பநிலை, ஈரப்பதம், மதிப்பு. இத்தகைய அட்டவணைகளில் வெப்பமும் ஈரமும் மிகுந்த மூலை பெரும்பாலும் காலியாக இருக்கும். அந்த வரிகளை நீக்கிவிடுங்கள். அங்கே சுழியம் போட்டால் மொத்தப் பரப்பும் அந்தப் பக்கம் சரிந்துவிடும்.

அடுத்து, வெப்பநிலையில் 35-ஐக் கழித்து 8-ஆல் வகுங்கள். ஈரப்பதத்தில் 70-ஐக் கழித்து 30-ஆல் வகுங்கள். இரண்டும் −1-க்கும் 1-க்கும் இடையில் வந்துவிடும். இதைச் செய்யாவிட்டால் குணகங்கள் ஒன்றுக்கொன்று பல மடங்கு வேறுபட்ட அளவில் வரும்; சிறியவற்றைச் சுருக்கி எழுதினால் துல்லியம் போய்விடும். பிறகு வெப்பநிலை, ஈரப்பதம், இரண்டின் வர்க்கங்கள், பெருக்கற்பலன் என ஐந்து பத்திகள் அமைத்து, குணகங்களைக் கணக்கிட்டுத் தரும் எக்ஸெல் சார்பான லைன்எஸ்ட் (LINEST) கொடுங்கள். குணகங்கள் தலைகீழ் வரிசையில் வரும், மாறிலி கடைசியில். பலர் தடுக்கி விழும் இடம் இதுதான்.

பொருத்தத்தை அளக்கும் ஆர்-ஸ்கொயர் (1 என்றால் முழுப் பொருத்தம்) 0.99 என்று வந்தால் அதோடு நிறுத்தாதீர்கள். அட்டவணை மதிப்புக்கும் சமன்பாட்டின் விடைக்கும் உள்ள வித்தியாசத்தை அதே 17-க்கு 13 கட்டங்களில் திரும்ப நிரப்பி, கூடுதலுக்கு ஒரு நிறம், குறைவுக்கு ஒரு நிறம் கொடுங்கள். நிறங்கள் கலந்து சிதறியிருந்தால் போதும். ஒரே நிறம் திட்டுத்திட்டாகத் தேங்கினால் சமன்பாட்டில் இன்னொரு உறுப்பு தேவை. உங்கள் அட்டவணை முழு எண்ணில் இருப்பதால், அரை டிகிரிக்குள் இருக்கும் வித்தியாசத்தைத் துரத்துவதில் பயனில்லை.

நீங்கள் கேட்பதை அமெரிக்க வானிலைத் துறையில் ராத்ஃபஸ் 1990-லேயே செய்திருக்கிறார். ஸ்டெட்மன் என்ற ஆய்வாளர் 1979-ல் வெளியிட்ட உணரும் வெப்ப அட்டவணைகளுக்குப் பொருத்திய அந்தச் சமன்பாட்டில் 9 உறுப்புகள், பிழை ±1.3 பாரன்ஹீட், அதாவது சுமார் 0.7 செல்சியஸ். அதற்கும் ஓரங்களில் ஒட்டுப்போட வேண்டியிருந்தது: ஈரப்பதம் 13 சதவீதத்துக்குக் கீழே போனாலும், சற்றே மிதமான வெப்பத்தில் 85-ஐத் தாண்டினாலும் தனித் திருத்தம். 80 பாரன்ஹீட்டுக்குக் கீழே வேறு எளிய சூத்திரம். அந்த எல்லையை மதிக்காமல் 50 பாரன்ஹீட், 50 சதவீதம் என்று கொடுத்துப் பாருங்கள். 99 என்று விடை வரும்! 10 டிகிரி செல்சியஸ் குளிரில் 37 டிகிரிப் புழுக்கம். சமன்பாட்டின் அடுக்கு கூடக் கூட எல்லைக்கு வெளியே இந்தக் கூத்து மோசமாகும்.

என்னைக் கேட்டால், உங்களுக்குச் சமன்பாடே வேண்டாம். 221 கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு பைட். ஆர்டுயினோ ஊனோவின் 32 கிலோபைட் நினைவகத்தில் அது ஒரு மூலைக்கும் காணாது. சுற்றியுள்ள நான்கு மதிப்புகளை எடுத்து, முதலில் வெப்பநிலைவாக்கில் இரண்டு இடைமதிப்புகள், பிறகு அவற்றிடையே ஈரப்பதவாக்கில் ஒன்று கணக்கிடுங்கள். அட்டவணைப் புள்ளிகளில் பிழையே இருக்காது. நான்கில் ஒன்று காலிக் கட்டமாக இருந்தால் எண் எதுவும் காட்டாமல் நேராக அபாய விளக்கை எரியவிடுங்கள்.