குஸ்திக்கு ஒரு மியூசியம்: வாசகர் கேள்வி பதில்

ப.செ., விருதுநகர்: மகன் அமெரிக்காவில் இருக்கிறான். கோடை லீவில் அங்கே போகும்போது டபிள்யூ.டபிள்யூ.இ. ஹால் ஆஃப் ஃபேமைப் பார்த்தே ஆகவேண்டும் என்று பேரன் அடம்பிடிக்கிறான். அது எந்த ஊரில் இருக்கிறது?

எந்த ஊரிலும் இல்லை, பேரனிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். டபிள்யூ.டபிள்யூ.இ. என்கிற மல்யுத்தக் காட்சிக் கம்பெனி தன் நட்சத்திரங்களைக் கௌரவிக்க வைத்திருக்கிற பெயர்ப் பட்டியல்தான் அது. 1993 ஜனவரியில் ஆண்ட்ரே த ஜயண்ட் என்ற ராட்சச உருவ மல்யுத்த வீரர் பாரிஸில் இறந்துபோனார், அதுவும் அப்பாவின் இறுதிச் சடங்குக்குப் போன இடத்தில். அவரைக் கௌரவிக்கத்தான் கம்பெனி அந்தப் பட்டியலையே ஆரம்பித்தது, முதல் வருடம் அவர் ஒருவர் பெயர்தான். 1994இல் விழா தொடங்கி, 1996க்குப் பிறகு நின்றுபோய், 2004இல் மறுபடி உயிர் பெற்று, இப்போது கம்பெனியின் மிகப் பெரிய வருடாந்தரக் காட்சியான ரெஸில்மேனியாவை ஒட்டி வருடாவருடம் நடக்கிறது. மேடை உண்டு, மோதிரம் உண்டு, பேசும்போதே உடைந்து அழுகிற தடியர்கள் உண்டு. கட்டடம்தான் கிடையாது.

சுவரும் கூரையும் உள்ள இடம் வேண்டுமென்றால் இரண்டு சொல்கிறேன். புரொஃபஷனல் ரெஸ்லிங் ஹால் ஆஃப் ஃபேம் என்று ஒன்று, எந்தக் கம்பெனியையும் சாராதது, நியூயார்க் மாநிலத்து ஆம்ஸ்டர்டாம் என்ற சின்ன ஊரில் இருந்துவிட்டு அப்புறம் டெக்சாஸில் விச்சிட்டா ஃபால்ஸுக்குக் குடிபெயர்ந்தது. இன்னொன்று அயோவா மாநிலம் வாட்டர்லூவில், டான் கேபிள் பெயரிலான மியூசியத்துக்குள்ளேயே இருக்கிறது. கேபிள் 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஒரு பாயிண்ட்கூட விட்டுக்கொடுக்காமல் தங்கம் வாங்கிய உள்ளூர்க்காரர். என் ஓட்டு வாட்டர்லூவுக்குத்தான். எதற்கும் கிளம்புமுன் திறந்திருக்கிறதா என்று போன் போட்டுக் கேட்டுவிடுங்கள், இதெல்லாம் பெரிய பணம் இல்லாமல் ஓடுகிற இடங்கள்.

ஜெ., திண்டுக்கல்: யார் ஜெயிப்பார் என்று முன்கூட்டியே பேசி வைத்து ஆடுகிற ஆட்டம். அதற்கு எதற்கு சார் மியூசியம்?

நாடக நடிகருக்குச் சிலை வைக்கும்போது இந்தக் கேள்வி வருவதில்லையே? பத்தாயிரம் பேரை ஒரே நேரத்தில் எழுந்து நின்று கத்த வைப்பது லேசான வேலை இல்லை. முடிவுதான் பேசி வைத்தது, முதுகு தரையில் மோதுவது நிஜம்.

தவிர, அது ஆரம்பத்திலிருந்தே அப்படி இல்லை. அயோவாக்காரர் ஃபிராங்க் கோட்ச் 1908இல் சிகாகோவில் ஜார்ஜ் ஹேக்கன்ஷ்மிட்டோடு இரண்டு மணி நேரத்துக்கு மேல் மல்லுக்கட்டி உலகப் பட்டத்தைப் பிடுங்கினார். பிடி நழுவட்டும் என்று கோட்ச் உடம்பில் எண்ணெய் பூசி வந்தார் என்று தோற்றவர் புகார் சொன்னார். அயோவா மண்ணில் நிஜ மல்யுத்தமும் காட்சி மல்யுத்தமும் ஒரே வீட்டுப் பிள்ளைகள், இரண்டையும் ஒரே கூரைக்குள் வைத்திருப்பதால்தான் வாட்டர்லூவுக்கு ஓட்டுப் போட்டேன். அங்குள்ள தொழில்முறைப் பிரிவுக்குப் பழைய உலக சாம்பியன் லூ தெஸ், அவருடைய குரு ஜார்ஜ் டிராகோஸ் இருவர் பெயரையும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள். நிஜமாகவே பிடி போடத் தெரிந்தவர்களுக்குத்தான் அங்கே மரியாதை.

பொய்யும் இந்தத் தொழிலில் ஒரு பகுதிதான், மறுக்கவில்லை. 1987இல் ஹல்க் ஹோகன் ஆண்ட்ரேவைத் தூக்கிப் போட்ட மூன்றாவது ரெஸில்மேனியாவுக்கு 93,173 பேர் வந்ததாகக் கம்பெனி சொன்னது. அவ்வளவு பேர் இல்லவே இல்லை என்று இன்றுவரை ரசிகர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கு.ரா., சேலம்: நம் தாரா சிங்குக்கு இடம் கொடுத்தார்களா இல்லையா?

கொடுத்தார்கள், ரொம்பத் தாமதமாக. 2012இல் அவர் போய்ச் சேர்ந்தார், 2018இல்தான் டபிள்யூ.டபிள்யூ.இ. பட்டியலில் பெயர் ஏறியது. அதுவும் மறைந்த பழம்பெரும் வீரர்களைக் கூட்டமாகச் சேர்க்கிற பிரிவில். 1968இல் பம்பாயில் லூ தெஸ்ஸோடு மோதிய மனிதருக்குத் தனி மேடையே போட்டிருக்கலாம். 2021இல் இன்னொரு நம்மூர்க்காரர், இமாச்சலத்து கிரேட் காளி உள்ளே வந்தார். இரண்டு பேரையும் ஒரே தராசில் வைக்க என்னால் முடியாது, காளி ரசிகர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ச.மீ., தஞ்சாவூர்: டிரம்ப் பெயர்கூட அதில் இருக்கிறதாமே, நிஜமா?

நிஜம். 2013, பிரபலங்கள் பிரிவு. 2007 ரெஸில்மேனியாவில் முதலாளி வின்ஸ் மக்மேனுக்கு மொட்டை அடித்தாரே, அந்தப் புண்ணியம்.

அ.பி., நாகர்கோவில்: ஒருமுறை பெயர் ஏறிவிட்டால் எடுக்கவே மாட்டார்களா?

எடுப்பார்கள், திரும்பவும் போடுவார்கள். ஹோகனின் இனவெறிப் பேச்சு 2015இல் வெளியே வந்ததும் பெயரைத் தூக்கினார்கள். 2018இல் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். கம்பெனி வைத்திருக்கிற பட்டியல், கம்பெனி வைத்ததுதான் சட்டம். அதே கம்பெனியோடு சண்டை போட்டுக்கொண்டு புரூனோ சம்மார்ட்டினோ பல வருடம் "உங்கள் மரியாதையே வேண்டாம்" என்று ஒதுங்கி இருந்தார். 1963லிருந்து ஏழரை வருடத்துக்கு மேல் சாம்பியன் பெல்ட்டைக் கழற்றாத மனிதர், அவர் இல்லாத பட்டியல் யாருக்கு வேண்டும்? கடைசியில் 2013இல் இறங்கி வந்தது அவர்களா, இவரா என்று கேட்டால் இரண்டு பேரும்தான்.

வி., மதுரை: அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர் என்று ஸ்கூலில் சத்தியம் பண்ணிச் சொன்னார்கள். அவரும் ஹால் ஆஃப் ஃபேமில் உண்டா?

2022இல் சேர்த்தார்கள். உயிரோடுதான் வந்து வாங்கிக்கொண்டார்.