ஒரே செயலுக்கு இரண்டு பெயர்கள்

வாசகர் கேள்வி – பதில்

போர்க்கைதிகள் நடத்தப்படும் விதம் குறித்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் விடையளிக்கிறேன். சில கடிதங்கள் கோபத்தில் எழுதப்பட்டவை. அந்தக் கோபம் எனக்கும் புரிகிறது. ஆனாலும் விடைகள் அதைத் தணிப்பதற்காக எழுதப்பட்டவை அல்ல.

கேள்வி: நம் தரப்பு வீரர் எதிரியிடம் பிடிபட்டுத் தொலைக்காட்சியில் காட்டப்பட்டால், ஜெனீவா ஒப்பந்தம் என்ன ஆயிற்று என்று கொதிக்கிறோம். எதிரியின் வீரர் கண்கட்டோடு மண்டியிட்டிருக்கும் படத்தையோ கைபேசியில் ஊரெல்லாம் பரப்புகிறோம். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பதுதானே போர்ச் சட்டம்?
– ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர்

பதில்: பழமொழி பொருந்துகிறது. ஆனால் அது பொருந்துவது சட்டத்துக்கு அல்ல, சட்டத்தை எடுத்துப் பேசுகிறவர்களுக்கு. 1949ஆம் ஆண்டின் மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கையின் 13ஆம் பிரிவு, போர்க்கைதிகளை வன்முறை, மிரட்டல், அவமதிப்பு ஆகியவற்றிலிருந்து மட்டுமன்றி, வேடிக்கை பார்க்கும் கூட்டத்தின் கண்களிலிருந்தும் காக்க வேண்டும் என்று கூறுகிறது. கைதி எந்த நாட்டவர் என்று அந்தப் பிரிவு கேட்பதே இல்லை.

2003 மார்ச் 23 அன்று, நாசிரியாவில் பிடிபட்ட அமெரிக்க வீரர்கள் ஐவரை ஈராக் தொலைக்காட்சி காட்டியது. பயத்தில் கண்கள் அலைபாய, கேட்ட கேள்விகளுக்குத் திக்கித் திணறிப் பதில் சொன்னார்கள். அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் டொனால்டு ரம்ஸ்ஃபெல்டு அன்றே இது ஜெனீவா உடன்படிக்கைக்கு விரோதமானது என்று கண்டித்தார். அவர் சொன்னது முற்றிலும் சரி. ஆனால் அதற்கு 14 மாதங்களுக்கு முன்பு, 2002 ஜனவரியில், ஆரஞ்சு நிற உடையில், கண்ணும் காதும் வாயும் மறைக்கப்பட்டு, அமெரிக்கச் சிறை முகாமான குவான்டனாமோவின் கம்பி வேலிகளுக்கு இடையே மண்டியிட்டிருந்த கைதிகளின் படங்களை உலகுக்கு வெளியிட்டது அவருடைய துறைதான். அவர்கள் போர்க்கைதிகளே அல்லர் என்று அதிபர் புஷ் 2002 பிப்ரவரி 7 அன்று அறிவித்துவிட்டதால், அந்தப் படங்களில் உடன்படிக்கை மீறல் எதுவும் அரசின் கண்ணுக்குப் படவில்லை.

இதே வாதத்தை அமெரிக்கர்கள் முன்பு எதிர்ப்பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறார்கள். வட வியட்நாம் 1957லேயே ஜெனீவா உடன்படிக்கைகளை ஏற்றிருந்தது; ஆனால் சுட்டு வீழ்த்தப்பட்ட அமெரிக்க விமானிகளைப் போர்க்கைதிகளாகக் கருத மறுத்து, அவர்கள் குற்றவாளிகள், வான் கொள்ளையர்கள் என்றது. அந்தப் பெயர் மாற்றத்தின் மறைவில்தான் கயிறுகளும் தனிமைச் சிறைகளும் வந்தன. 1966இல் ஜெரிமையா டென்டன் என்ற விமானியைப் பிரசாரப் பேட்டிக்காகக் கேமராவின் முன் உட்கார வைத்தபோது, அவர் வெளிச்சத்துக்குக் கண் கூசுபவரைப் போலச் சிமிட்டிச் சிமிட்டி, மோர்ஸ் குறியீட்டில் ‘சித்திரவதை’ என்ற ஆங்கிலச் சொல்லை எழுத்து எழுத்தாகச் சொன்னார். படம்பிடித்தவர்களுக்கு அது புரியவில்லை. அமெரிக்கக் கடற்படை உளவுத் துறைக்குப் புரிந்தது. அன்று அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று வாஷிங்டனில் எவரும் விவாதிக்கவில்லை.

கேள்வி: அந்தச் சொல்லின் பொருளைப் பற்றித்தான் என் ஐயமும். ‘வாட்டர்போர்டிங்’ என்பது காயமோ தழும்போ ஏற்படுத்தாத ஒரு பயமுறுத்தல் மட்டுமே என்று சிலர் வாதிடுகிறார்கள். அதைச் சித்திரவதை என்று எப்படிச் சொல்வது?
– சட்டக் கல்லூரி மாணவி ஒருவர்

பதில்: கைதியைச் சாய்ந்த பலகையில் தலை தாழ்ந்திருக்குமாறு கட்டி, முகத்தில் துணியிட்டு, மூக்கிலும் வாயிலும் தண்ணீர் ஊற்றுவார்கள். மூழ்கி மூச்சு முட்டும்போது உடம்பு எப்படித் துடிக்குமோ அப்படியே துடிக்கும். அதை மனவலிமையால் அடக்க முடியாது. கைதிக்குத் தெரிவதெல்லாம் தான் சாகப்போகிறோம் என்பது ஒன்றுதான். அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ, அல்கொய்தாவைச் சேர்ந்தவர்கள் என்று பிடித்த கைதிகளில் அபு சுபைதாவுக்கு 2002 ஆகஸ்டில் இதை 83 முறையும், காலித் ஷேக் முகமதுவுக்கு 2003 மார்ச்சில் 183 முறையும் செய்தது. தழும்பு இல்லை என்பதை அதன் மென்மைக்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். தழும்பு விழாத முறை தேர்ந்தெடுக்கப்பட்டது பிற்பாடு எவரும் நிரூபிக்கக் கூடாது என்பதற்காக என்றே நான் கருதுகிறேன்.

சட்டம் பயிலும் உங்களுக்கு வரலாறே போதிய விடை தரும். பிலிப்பைன்ஸ் போரில் கைதியின் வாயில் தண்ணீரைப் புகட்டி வதைத்ததற்காக மேஜர் எட்வின் கிளென் என்ற அமெரிக்க அதிகாரியை, 1902இல் அமெரிக்க ராணுவ நீதிமன்றமே குற்றவாளி என்று தீர்த்தது. தண்டனை ஒரு மாதப் பணி இடைநீக்கமும் 50 டாலர் அபராதமும்தான் என்பது வெட்கக்கேடு, ஆனாலும் குற்றம் குற்றம் என்றே பதிவாயிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானியர்களை விசாரித்த டோக்கியோ தீர்ப்பாயம், கைதிகள் மீது ஜப்பானிய ராணுவம் பயன்படுத்திய நீர் வதையைச் சித்திரவதைகளின் பட்டியலிலேயே வைத்தது. ஜப்பானியர் செய்தபோது தெளிவாக இருந்த சொல், 2002 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்க நீதித் துறையின் வழக்கறிஞர்கள் எழுதிய குறிப்பில் கலங்கிப்போனது. உடல் வலி, உறுப்புச் செயலிழப்போடும் மரணத்தோடும் வரும் வலிக்கு நிகராக இருந்தால்தான் அது சித்திரவதை என்று அக்குறிப்பு வரையறுத்தது. அதற்குக் கீழே உள்ள எல்லாவற்றுக்கும் ‘தீவிரப்படுத்தப்பட்ட விசாரணை முறைகள்’ என்ற பெயர் கிடைத்தது.

அந்தக் குறிப்பு துணைக்கு அழைத்துக்கொண்ட ஒரு தீர்ப்பையும் நீங்கள் படிக்க வேண்டும். 1971இல் வட அயர்லாந்தில் பிரிட்டன் தன் கைதிகளின் தலையை உறையால் மூடியது. சுவரில் சாய்த்து மணிக்கணக்கில் நிற்க வைத்தது. இரைச்சலுக்கு நடுவே தூக்கத்தையும் உணவையும் மறுத்தது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1978இல் இதை மனிதத்தன்மையற்றது என்று கண்டித்தது, ஆனால் சித்திரவதை என்று சொல்லத் தயங்கியது. நீதிபதிகள் நுணுக்கமாக இட்ட அந்தக் கோடு, 24 ஆண்டுகள் கழித்து வேறொரு கண்டத்தில் ஒரு வாசலாகத் திறந்தது. சட்டத்தில் ஒரு சொல்லைக் கூர்மையாக்குவதற்கும் அதை மழுக்குவதற்கும் இடையே எவ்வளவு சிறிய தூரம்! கைதிகளை நான்கு மணி நேரம் நிற்க வைக்கலாம் என்ற அனுமதியில் 2002 டிசம்பரில் கையொப்பமிட்ட ரம்ஸ்ஃபெல்டு, நான் நாளுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் நிற்கிறேனே, இவர்களுக்கு ஏன் நான்கு மணி நேரம் என்று ஓரத்தில் தன் கையாலேயே எழுதினார். தான் விரும்பியபோது உட்காரலாம் என்பது அவருக்கு நினைவுக்கு வரவில்லை.

கேள்வி: ஓர் இடத்தில் குண்டு வைக்கப்பட்டிருக்கிறது, வைத்தவன் கையில் சிக்கிவிட்டான், மணி ஓடிக்கொண்டிருக்கிறது. ஆயிரம் உயிருக்காக ஒருவனை வதைப்பது தவறா? நேரடியாகப் பதில் சொல்லுங்கள்.
– தனியார் நிறுவன ஊழியர் ஒருவர்

பதில்: தவறு. நேரடியாகக் கேட்டதால் நேரடியாகவே சொல்கிறேன். அதோடு, ஏறக்குறைய நீங்கள் சொல்லும் அதே நிலையில் உண்மையாகவே நின்ற ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

1956 நவம்பரில், பிரெஞ்சு ஆட்சியின் கீழிருந்த அல்ஜியர்ஸில், ஃபெர்னாண்ட் இவ்தோன் என்ற தொழிலாளி, தான் வேலை செய்த எரிவாயு ஆலையில் குண்டு வைத்துப் பிடிபட்டார். இன்னொரு குண்டும் எங்கோ இருக்கிறது, எரிவாயுத் தொட்டிகள் வெடித்தால் ஆயிரக்கணக்கானோர் சாவார்கள் என்று காவல் அதிகாரிகள் அஞ்சினார்கள். நகரக் காவல் பொறுப்பிலிருந்த போல் தெத்ஜனிடம், வதைத்தாவது உண்மையை வரவழைக்க அனுமதி கேட்டார்கள். தெத்ஜன் மறுத்துவிட்டு, பிற்பகல் முழுவதும் நடுங்கியபடி இருந்ததாகப் பின்னாளில் சொன்னார். குண்டு வெடிக்கவில்லை.

இந்தக் கதையை இங்கேயே நிறுத்தினால் அழகாக இருக்கும், ஆனால் நேர்மையாக இருக்காது. தெத்ஜனின் உத்தரவை மீறிக் காவலர்கள் இவ்தோனை வதைத்தார்கள். எவரையும் கொல்லாத அந்த மனிதரின் தலை 1957 பிப்ரவரியில் கில்லட்டினில் துண்டிக்கப்பட்டது. அடுத்த மாதம் தெத்ஜன் பதவி விலகல் கடிதம் எழுதினார். 14 ஆண்டுகளுக்கு முன் நான்சி நகரில் நாஜிகளின் ரகசியக் காவல் படையான கெஸ்டபோவின் நிலவறைகளில் தன் உடம்பு பட்ட வதையின் அடையாளங்களை, இப்போது பிரான்ஸின் கைதிகளிடம் காண்பதாக அதில் குறிப்பிட்டார். நாஜிகள் செய்ததற்கும் தன் சொந்த அரசு செய்ததற்கும் ஒரே பெயரை வைக்க அவரால் முடிந்தது, ஏனெனில் ஒன்றை அவர் உடம்பும் மற்றதை அவர் கண்களும் அறிந்திருந்தன. அந்த ஆண்டு அல்ஜியர்ஸில் கைதாகிக் காணாமற்போனவர்கள் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் என்பது அவர் வைத்திருந்த கணக்கு. ஒரு குண்டுக்காகத் திறக்கப்படும் கதவு ஒரு குண்டோடு மூடப்படுவதில்லை.

உங்கள் கேள்வியில் இவன்தான் வைத்தவன், இவனுக்கு இடம் தெரியும், வதைத்தால் உண்மையே சொல்வான், அதற்குள் நேரமும் இருக்கிறது என்ற நான்கும் முன்கூட்டியே உறுதி செய்யப்பட்டிருக்கின்றன. விசாரணை அறையில் இவற்றில் ஒன்றுகூட உறுதியாகத் தெரிவதில்லை. அமெரிக்க செனட் புலனாய்வுக் குழு 2014 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை, சிஐஏ அடைத்து வைத்திருந்த 119 பேரில் குறைந்தது 26 பேர், அந்த அமைப்பின் சொந்த விதிகளின்படியே பிடித்திருக்கக் கூடாதவர்கள் என்று கண்டது.

கேள்வி: வதைத்தால் உண்மை வருமா, வராதா?
– வாசகர் ஒருவர்

பதில்: பேச்சு வரும். வலியை நிறுத்துவதற்கு எது தேவையோ அதைக் கைதி சொல்வார். அது உண்மையாகவும் இருக்கலாம், கேட்பவர் விரும்பும் பொய்யாகவும் இருக்கலாம். இப்னு அல்ஷேக் அல்லிபி என்பவரை அமெரிக்கா எகிப்திடம் ஒப்படைத்தது. அங்கே வதையின் கீழ், ரசாயன, உயிரியல் ஆயுதங்களில் அல்கொய்தாவுக்கு ஈராக் பயிற்சி தந்தது என்று அவர் ‘ஒப்புக்கொண்டார்’. 2003 பிப்ரவரி 5 அன்று ஐ.நா. பாதுகாப்பு சபையில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பாவெல் அதை எடுத்துரைத்தார், அடுத்த மாதம் போர் தொடங்கியது. அல்லிபி பின்னர் அந்த வாக்குமூலத்தையே மறுத்துவிட்டார். அதே அபு சுபைதாவோ, நீர் வதைக்கு முன்பே, அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயின் அதிகாரி அலி சூஃபான் அவருடைய காயங்களைக் கவனித்து, அவர் மொழியில் பேசிய நாட்களிலேயே, செப்டம்பர் 11 தாக்குதலைத் திட்டமிட்டவர் யார் என்பதை அடையாளம் காட்டியிருந்தார்.

இருந்தாலும், பயன் தராது என்பதால் மட்டும் வதை கூடாது என்று வாதிட எனக்கு விருப்பமில்லை. நாளை எவராவது பயன் தந்த ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு வந்தால், நாம் இடம் மாறி நிற்க வேண்டியிருக்கும்.

கேள்வி: எதிரி எந்த விதியையும் மதிக்காதபோது நாம் மட்டும் ஏன் மதிக்க வேண்டும்?
– முன்னாள் ராணுவ வீரர் ஒருவர்

பதில்: உடன்படிக்கையை எழுதியவர்கள் இரண்டாம் உலகப் போரைக் கண்டு வந்தவர்கள், இந்தக் கேள்வியை எதிர்பார்த்தே எழுதினார்கள். போர்க்கைதிகள் மீது பழிவாங்கும் நடவடிக்கை கூடாது என்று 13ஆம் பிரிவே சொல்கிறது. 1984ஆம் ஆண்டின் சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கை, போர், போர் அச்சுறுத்தல் உள்ளிட்ட எந்த அசாதாரண நிலையும் சித்திரவதைக்கு நியாயமாகாது என்கிறது. எதிரியின் பிடியில் நம்மவர் இருக்கும்போது, அவருக்கு மிஞ்சும் ஒரே பாதுகாப்பு, நாம் நம் கைதிகளை எப்படி நடத்தினோம் என்ற பேச்சுதான் என்பதைச் சீருடை அணிந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வட வியட்நாமில் ஐந்தரை ஆண்டுகள் கைதியாக இருந்து வதைபட்ட ஜான் மெக்கெய்ன், 2005இல் அமெரிக்க செனட்டில் கைதிகளைக் கொடுமைப்படுத்துவதைத் தடை செய்யும் சட்டத்துக்காகத் தன் சொந்தக் கட்சியின் அரசோடு மோதினார்.

கேள்வி: உலகத்துக்கெல்லாம் நியாயம் சொல்கிறீர்கள். இலங்கையைப் பற்றியும் இப்படியே எழுதுவீர்களா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: எழுதுகிறேன். 1983 ஜூலையில் கொழும்பு வெலிக்கடைச் சிறையில், அரசின் காவலில் இருந்த 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம், காவல் அதிகாரியிடம் தந்த வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்று, அது வற்புறுத்திப் பெறப்பட்டது என்று மெய்ப்பிக்கும் சுமையைக் கைதியின் தலையிலேயே ஏற்றியது. ஒரு நாடு சித்திரவதைக்கு வாசல் திறப்பதற்கு இதைவிட எளிய வழி இல்லை. போர் முடிந்த பின்னும் தமிழ்க் கைதிகள் வதைக்கப்பட்டதை ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் 2015ஆம் ஆண்டு விசாரணை பதிவு செய்திருக்கிறது. இவற்றை நாம் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது.

1990 ஜூனில் கிழக்கு மாகாணத்தில், விடுதலைப் புலிகளிடம் சரணடைந்த காவலர்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். உயிருக்கு ஆபத்து இல்லை என்ற நம்பிக்கையில் ஆயுதத்தைக் கீழே வைத்தவர்கள் அவர்கள். அந்தக் கணத்திலிருந்து அவர்களும் கைதிகள்தான். வெலிக்கடையின் எண்ணிக்கையைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடிய நான், இந்த இரண்டாவது நிகழ்வை முதன்முதலாகப் படித்தபோது, அதற்கு என்ன காரணம் இருந்திருக்கும் என்றுதான் தேடத் தொடங்கினேன். வெலிக்கடைக்கு நான் ஒருபோதும் காரணம் தேடியதில்லை.