சிவிதா தி பாஞோரேஜோ பத்தி கேட்டீங்க, சொல்றேன்

ரோமுக்கு வடக்க 120 கி.மீ. தள்ளி, வித்தெர்போ மாகாணத்துல பாறை உச்சியில தொங்கிட்டு இருக்கிற குட்டி ஊர். வரலாறு, மண்ணு பத்தி கேளுங்க. விசா, ஹோட்டல் எனக்குத் தெரியாது.

கேள்வி: ரோம்ல இருந்து நேரா ட்ரெயின் இருக்கா?

பதில்: இல்ல. ஓர்வியேத்தோ வரைக்கும் ட்ரெயின், அங்கிருந்து பக்கத்து ஊரான பாஞோரேஜோவுக்கு பஸ், அப்புறம் நடை. ஞாயித்துக்கிழமை பஸ்ஸை நம்பிப் போகாதீங்க.

கேள்வி: ஊர் ஏன் இடிஞ்சு விழுது?

பதில்: ஆஹா, இதுக்குத்தான் காத்துட்டு இருந்தேன். மேல இருக்கிறது எரிமலை கக்கினது இறுகி ஆன கல்லு, துஃபோன்னு சொல்வாங்க, பக்கத்துல போல்சேனா ஏரி இருக்கே, அந்தப் பக்கத்து பழைய எரிமலைங்களோட வேலை. கீழ இருக்கிறது ஒரு காலத்துல கடலடியா இருந்த களிமண்ணு. பாயசத்து மேல அப்பளம் வச்ச மாதிரி நினைச்சுக்கோங்க. ரெண்டு பக்கமும் கியாரோ, தோர்பிதோன்னு ரெண்டு ஓடை, அதுவும் மழையும் சேர்ந்து களிமண்ணை அரிச்சுக்கிட்டே போகுது, அடியில பிடிமானம் போனதும் மேல கல்லு செங்குத்தா வெடிச்சு பாளம் பாளமா விழுது. எத்ருஸ்கர்கள், அதாவது ரோமானியர்களுக்கு முந்தைய பழைய இத்தாலி ஜனங்க, 2500 வருஷத்துக்கு முன்னாடி இங்க குடியேறினப்பவே இதே கதைதான். புனித பொனவெந்தூரா, 1274-ல செத்துப்போன பெரிய பிரான்சிஸ்கன் துறவி, அவர் பொறந்த ஊர் இது. அவர் வீடு இருந்த இடமே பள்ளத்துல போயிடுச்சு.

கேள்வி: தப்பு சார். ஊரைக் கொன்னது 1695 நிலநடுக்கம்.

பதில்: நிலநடுக்கம் வந்தது உண்மை, நான் மறுக்கல. ஆனா அது ஒரு நாள் கூத்து. களிமண்ணு தினமும் கரையுது.

கேள்வி: நான்தான் மறுபடி. அப்போ பிஷப் ஏன் 1695-க்கு அப்புறம் ஊரை விட்டுக் கிளம்பினார்? களிமண்ணுக்கு பயந்தா?

பதில்: சரி, நல்ல குத்து. பிஷப்பும் நகர நிர்வாகமும் பக்கத்துல ரோத்தாங்கிற பகுதிக்குப் போனாங்க, அதுதான் இன்னிக்கு பாஞோரேஜோ. அதாவது ஊர் பேரும் அவங்களோடயே மாறிடுச்சு, பழசு வெறும் சிவிதா ஆயிடுச்சு. ஜனம் கிளம்பினதுக்கு நிலநடுக்கம் காரணம், ஒத்துக்கறேன். ஆனா நடுவுல ரெண்டையும் இணைச்ச மண் மேடு கரைஞ்சு போனதுக்கு நிலநடுக்கத்தை மட்டும் சொன்னா எப்படி? அது தொடர்ந்து அரிப்பு, சரிவு. அப்புறம் பாலம் போட்டாங்க, 1944-ல பின்வாங்கின ஜெர்மன் படை அதைத் தகர்த்துச்சு. இப்ப நடக்கிற கான்கிரீட் நடைபாலம் 1965-ல கட்டினது.

கேள்வி: அப்போ நிலநடுக்கம் பாதி காரணம்னு போடுங்க.

பதில்: கால்வாசி. இதுக்கு மேல இறங்க மாட்டேன்.

கேள்வி: வாசல்ல சிங்கம் மனுஷத் தலையைப் பிடிச்சிருக்கே, அது என்ன?

பதில்: சாந்தா மரியா வாசல். ஓர்வியேத்தோ மொனால்தெஸ்கி குடும்பத்துக்காரங்களோட ஆதிக்கத்தை ஊர்க்காரங்க உதறினதுக்கு அடையாளம்னு சொல்வாங்க. உள்ள போனா சான் தோனாத்தோ சர்ச் சதுக்கம், அங்க கழுதைப் பந்தயமும் நடத்துவாங்க. எனக்கு அந்த சதுக்கம்தான் பிடிக்கும், தரையில கல்லே பாவல, வெறும் சரளைதான்.

கேள்வி: உள்ள போக காசா?

பதில்: ஆமா. 2013-ல 1.50 யூரோல ஆரம்பிச்சாங்க, அப்புறம் 5 யூரோ ஆச்சு. நிரந்தரமா குடியிருக்கிறவங்க விரல் விட்டு எண்ணலாம், பாக்க வர்றவங்க லட்சக்கணக்குல.

கேள்வி: ரோம்ல இருந்து ட்ரெயின்ல எப்படிப் போறது?

பதில்: முதல் கேள்வியைப் படிங்க.

கேள்வி: பாலத்துல கார் போகுமா? அப்பா அம்மாவுக்கு வயசாயிடுச்சு.

பதில்: நம்ம கார் போகாது. கடைசியில நல்லா செங்குத்தா ஏறும், ஆகஸ்ட் மத்தியானத்துல கூட்டிட்டுப் போகாதீங்க, நிழலே கிடையாது. காலையில போங்க. முட்டி வலி இருந்தா இந்தக் கரையில இருந்தே பாத்துக்கலாம், உண்மையைச் சொன்னா ஊர் மொத்தமா தெரியுறது அங்கிருந்துதான்.

கேள்வி: ட்ரெயின் ஸ்டேஷன் பேரு என்ன சார்?

பதில்: ஓர்வியேத்தோ. ஓர்வியேத்தோ. ஞாயித்துக்கிழமை மட்டும் வேணாம்.