வீட்டுக் கடனைச் சீக்கிரம் அடைக்க மளிகையிலா கை வைப்பது?

கேள்வி: நானும் மனைவியும் திருச்சியில் தனியார் வேலையில் இருக்கிறோம். இருவருக்கும் சேர்த்துக் கையில் வருவது 78,000 ரூபாய். 2023 தொடக்கத்தில் ஒரு வீட்டுக்கடன் நிறுவனத்தில் 30 லட்சம் வாங்கினோம். 20 ஆண்டு, ஃப்ளோட்டிங் (அவ்வப்போது மாறக்கூடிய) வட்டி, ஆரம்பத்திலிருந்தே 8.5 சதவீதம், இஎம்ஐ 26,035. மூன்று வருடம் கட்டிவிட்டோம். மற்ற செலவுகள்: பிள்ளைகளின் பள்ளி, டியூஷன் 9,000, மளிகை, பால், காய்கறி, கேஸ் 15,000, வெளிச்சாப்பாடு 6,500, பெட்ரோல் 5,000, இரண்டு எண்டோமென்ட் பாலிசி (சேமிப்போடு சேர்ந்த ஆயுள் காப்பீடு) 4,200, ஒரு லட்ச ரூபாய் சீட்டு 5,000 (இன்னும் 8 மாதம் இருக்கிறது, எடுக்கவில்லை), போன் தவணை 2,300 (இன்னும் 4 மாதம்), ஊரில் அப்பா அம்மாவுக்கு 4,000. கிரெடிட் கார்டில் 40,000 பாக்கி நிற்கிறது. மளிகைச் செலவைக் குறைக்கும்படி மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். கடனை 20 வருடம் இழுக்காமல் முடிக்க வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் மளிகையில் ஆரம்பிக்காதீர்கள். செலவைக் குறைப்பது என்றாலே நம் வீடுகளில் முதலில் கை வைப்பது சமையலறையில்தான். அந்தப் பாரம் முழுக்க வீட்டுப் பெண்களின் தலையில் விழுகிறது. இவ்வளவுக்கும் உங்கள் பட்டியலில் பெரிய பணம் இருப்பது அங்கே இல்லை. முதலில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து, மூன்று மாத வங்கிக் கணக்கையும் கார்டு ஸ்டேட்மென்டையும் வரி வரியாகப் பாருங்கள்.

நீங்கள் எழுதியிருக்கும் எல்லாவற்றையும் கூட்டினால் 77,035 வருகிறது. மிச்சம் 965 ரூபாய். ஆனால் அந்தப் பட்டியலில் கரண்ட் பில் இல்லை, போன் ரீசார்ஜ் இல்லை, மருந்து, துணிமணி இல்லை, தீபாவளி இல்லை, கல்யாணம், காதுகுத்துக்கு எழுதும் மொய் இல்லை. இதெல்லாம் 965 ரூபாய்க்குள் நடக்காது. கார்டில் நிற்கிற 40,000 இப்படித்தான் சேர்ந்திருக்க வேண்டும். ஆடம்பரச் செலவால் வந்த கடன் என்று உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம். பட்டியலில் இடம் தராத செலவுகள் கார்டு வழியாக உள்ளே வந்திருக்கின்றன.

அதனால் குறைக்கும் பணம் முதலில் போக வேண்டிய இடம் இதுதான். வெளிச்சாப்பாட்டை 6,500லிருந்து 3,000க்குக் கொண்டுவாருங்கள். அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை. அப்படி நிறுத்தியவர்கள் இரண்டாவது மாதமே பழையபடி திரும்பிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளோடு வெளியே போய்ச் சாப்பிடுவது இருக்கட்டும். வேலை முடிந்து களைத்து வரும் நாளில் மொபைலில் ஆர்டர் செய்வதைக் குறையுங்கள். அந்த மாதிரி நாட்களுக்கு ஃபிரிட்ஜில் மாவு இருந்தாலே பாதி ஆர்டர் நின்றுவிடும். மாவு அரைக்கிற வேலையை யார் செய்வது என்பதையும் இருவரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

மளிகையில் ஆயிரம் ரூபாய் குறைத்தால் போதும். அரிசி அட்டை இருந்தால் ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் பாக்கெட் 25 ரூபாய்க்கும் கிடைக்கிறது. நடுத்தரக் குடும்பங்களில் பலர் இதை வாங்காமலே விட்டுவிடுகிறார்கள். வாங்குங்கள், அது உங்களுக்கு உரியது. கரண்ட் பில்லில் ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள். 2022 செப்டம்பரில் வந்த கட்டண அமைப்பில், இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் மேலே உள்ள யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கான குறைந்த விலையும் போய்விடுகிறது. ஏசி வைத்திருக்கும் வீட்டில் கோடையில் 490க்கும் 510க்கும் உள்ள வித்தியாசம் பில்லில் நன்றாகவே தெரியும்.

ஆக வெளிச்சாப்பாட்டில் 3,500, மளிகையில் 1,000, ஏற்கெனவே மிஞ்சும் 965. மொத்தம் 5,465. இதை வீட்டுக் கடனுக்குக் கொடுக்காதீர்கள். பட்டியலில் விட்டுப்போன செலவுகளுக்கு என்று தனிக் கணக்கில் போடுங்கள். தீபாவளி, மொய், ஜூன் மாதப் புத்தகச் செலவு, வண்டி இன்சூரன்ஸ் என்று வருடத்தில் ஒருமுறை வருவதையெல்லாம் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். இது நடந்தால்தான் கார்டு மறுபடி நிரம்பாமல் இருக்கும்.

அடுத்தது கார்டு பாக்கி. மாதம் 3.5 சதவீதம் வட்டி என்றால் ஆண்டுக்கு 42 சதவீதம், அதன் மேல் ஜிஎஸ்டி வேறு. பாக்கி நிற்கும் வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும். 42 சதவீதக் கடனை வைத்துக்கொண்டு 8.5 சதவீதக் கடனை முன்கூட்டி அடைப்பது கையில் இருக்கும் பணத்தை வீணடிப்பது. இங்கே உங்கள் சீட்டு உதவும். மாதம் 4,500 வீதம் கார்டுக்குக் கட்டிக்கொண்டே வந்தால் 8 மாதத்தில் வட்டியும் ஜிஎஸ்டியுமாக 9,000க்கு மேல் போய்விடும், அப்போதும் சுமார் 13,500 பாக்கி நிற்கும். அதனால் தள்ளு (ஏலத்தில் விட்டுக்கொடுக்கும் தொகை) 8,000க்குள் வந்தால் சீட்டை இந்த மாதமே எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் போனால் அடுத்த ஏலம் வரை பொறுங்கள். வரும் பணத்தில் 40,000ஐ அன்றே கார்டில் கட்டுங்கள். கம்பெனிக் கமிஷனும் தள்ளும் போக மீதி ஒன்றரை, இரண்டு இஎம்ஐ அளவுக்கு இருக்கும். அதைத் தொடாமல் அவசரப் பணமாக வையுங்கள். இந்த வருட போனஸ் வந்தால் அதையும் அங்கேயே சேர்த்து நான்கு இஎம்ஐ அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஒருவருக்கு வேலை போனால் வீட்டைக் காப்பாற்றப் போவது இந்தப் பணம்தான். கடனில் கட்டிய பணத்தைச் சாதாரண வீட்டுக்கடனில் திரும்ப எடுக்க முடியாது.

சரி, வீட்டுக் கடனுக்குக் கூடுதல் பணம் எங்கிருந்து வரும்? உங்கள் பட்டியலிலேயே இருக்கிறது. போன் தவணை 4 மாதத்தில் முடிகிறது: 2,300. சீட்டு 8 மாதத்தில் முடிகிறது: 5,000. மொத்தம் 7,300. இந்தப் பணம் இல்லாமல்தான் நீங்கள் இப்போதே குடும்பம் நடத்துகிறீர்கள், அதனால் புதிதாக எதையும் குறைக்க வேண்டியதில்லை. ஒரு தவணை முடிந்த மாதத்திலேயே இன்னொன்று அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. போன் முடிந்தால் டிவி, சீட்டு முடிந்தால் அடுத்த சீட்டு என்று போவதால்தான் ஓரளவு நல்ல சம்பளம் வாங்கும் வீடுகளிலும் கடன் 20 வருடம் முழுக்க ஓடுகிறது. போன் தவணை முடிந்ததும் அந்த 2,300ஐ நான்கு மாதம் அவசரப் பணத்தில் சேருங்கள். ஒன்பதாவது மாதத்திலிருந்து 7,300 முழுவதும் கடனுக்கு.

இதனால் என்ன நடக்கும் என்று பாருங்கள். மூன்று வருடத்தில் நீங்கள் கட்டியது 9,37,000 ரூபாய்க்கு மேல். அதில் அசல் குறைந்தது 1,95,000தான். மீதி எல்லாம் வட்டி. நிலுவை இன்னும் 28 லட்சத்துக்கு மேல் இருக்கிறது. அடுத்த தவணையில் 19,866 ரூபாய் வட்டிக்கும் 6,169 ரூபாய் அசலுக்கும் போகும். கூடுதலாகக் கட்டும் 7,300 மொத்தமும் நேராக அசலில் விழுகிறது. அதாவது அசல் குறையும் வேகம் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். எட்டு மாதம் கழித்து உங்களுக்கு மீதி இருக்கும் 196 தவணை 125 ஆகக் குறையும். கிட்டத்தட்ட ஆறு வருடம் மிச்சம். வட்டியில் ஒன்பது லட்சத்துக்கு மேல் மிச்சம். பின்னால் ஒருமுறை போனஸில் 50,000 கட்டினாலும் பலன் பெரிது. இன்றைய நிலுவைக்குக் கணக்குப் போட்டால் அந்த ஒரே கட்டணம் எட்டு மாதத் தவணையைக் குறைக்கிறது. கடனின் ஆரம்ப வருடங்களில் வட்டிப் பங்கு அதிகம் என்பதால்தான் இந்த வேகம். பத்தாவது வருடத்தில் இதே 50,000 இவ்வளவு வேலை செய்யாது.

இதற்கெல்லாம் முன்னால், இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது அந்த 8.5 சதவீதம். நீங்கள் கடன் வாங்கிய 2023 தொடக்கத்தில், பிப்ரவரியில், ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி (வங்கிகளுக்கு அது கொடுக்கும் கடனுக்கான வட்டி) 6.5ஐ எட்டியது. 2025இல் அது படிப்படியாகக் குறைந்து டிசம்பரில் 5.25க்கு வந்தது. 2019 அக்டோபருக்குப் பிறகு வங்கிகள் கொடுத்த ஃப்ளோட்டிங் வீட்டுக்கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு கட்டப்பட்டவை; மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது மாற்றியாக வேண்டும். வீட்டுக்கடன் நிறுவனங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. தங்கள் சொந்த அளவுகோலை வைத்து வட்டி போடுகிறார்கள், புது வாடிக்கையாளருக்கு ஒன்று, பழையவருக்கு ஒன்று என்பதும் நடக்கிறது. கிளைக்கு நேரில் போய், இன்று புதிதாகக் கடன் வாங்குபவருக்கு என்ன வட்டி என்று கேளுங்கள். வித்தியாசம் இருந்தால் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். ஒரு சிறு கட்டணம் கேட்பார்கள், பெரும்பாலும் கட்டத் தகுந்ததுதான். மாட்டேன் என்றால் வங்கிக்கு மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள். பிராசஸிங் கட்டணம், சட்டக் கருத்து, புதிதாக எம்ஓடி (பத்திரத்தை அடமானமாக ஒப்படைத்ததற்கான ஆவணம்) பதிவு என்று வரும் செலவை எல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். வட்டி 8 சதவீதமாகக் குறைந்து இஎம்ஐயை அப்படியே 26,035ஆக வைத்துக்கொண்டாலே 13 மாதம் குறைகிறது, ஏறக்குறைய மூன்றரை லட்சம் மிச்சம். வீட்டில் யாரும் ஒரு காபியைக்கூட விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

வட்டி குறைந்ததும் இஎம்ஐயைக் குறைக்கச் சொல்லாதீர்கள், காலத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். கூடுதல் பணம் கட்டும்போதும் இதே கதைதான். சில நிறுவனங்களில் கூடுதலாக அனுப்பும் பணத்தை அசலில் கழிக்காமல் அடுத்த மாதத் தவணைக்கு முன்பணமாக வைத்துக்கொள்வார்கள். அப்படி வைத்தால் உங்களுக்குப் பைசா லாபமில்லை. ‘பார்ட் பேமென்ட், அசலில் வரவு வைக்கவும், இஎம்ஐ மாறாமல் தவணைக் காலத்தைக் குறைக்கவும்’ என்று மின்னஞ்சலில் எழுதுங்கள். பத்து நாள் கழித்துப் புதிய தவணை அட்டவணை கேட்டு வாங்கி, கடைசித் தவணைத் தேதி முன்னால் வந்திருக்கிறதா என்று பாருங்கள். குறைந்தபட்சம் இத்தனை இஎம்ஐ அளவுக்குத்தான் பார்ட் பேமென்ட் ஏற்போம் என்று சொல்லும் இடங்களும் உண்டு. அப்படியானால் 7,300ஐ ஆர்டியில் போட்டு, அந்தத் தொகை சேர்ந்ததும் கட்டுங்கள். எப்படியானாலும் சம்பளம் வந்த அன்றே அந்தப் பணம் கணக்கை விட்டு வெளியேற வேண்டும். மாதக் கடைசியில் மிஞ்சினால் கட்டலாம் என்று விட்டால் மிஞ்சாது.

அபராதம் பற்றிப் பயம் வேண்டாம். தனிநபர் வாங்கிய ஃப்ளோட்டிங் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டி அடைக்கக் கட்டணம் வசூலிக்கக் கூடாது. 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட உத்தரவுப்படி, வட்டி மாறும்போது இஎம்ஐயை மாற்றுவதா, காலத்தை மாற்றுவதா என்ற தேர்வை உங்களிடம் கேட்க வேண்டும். இதுவரை பிடித்த அசல், வட்டி, மீதித் தவணை எத்தனை என்ற விவரத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை தர வேண்டும். கேட்டு வாங்குங்கள்.

வரிச் சலுகை போய்விடுமே என்று யாராவது சொல்வார்கள். உங்கள் இருவர் சம்பளத்துக்கும் புதிய வரி முறையில் வருமான வரியே வராது, குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்கு அதில் கழிவும் இல்லை. வரிக்காக வட்டி கட்ட வேண்டிய நிலையில் நீங்கள் இல்லை.

எண்டோமென்ட் பாலிசிகளை அவசரப்பட்டு சரண்டர் செய்யாதீர்கள். முதலில் கடன் தொகைக்குக் குறையாமல் இருவர் பெயரிலும் டெர்ம் பாலிசி (சேமிப்பு இல்லாத, வெறும் ஆயுள் காப்பீடு) எடுத்து, அது கைக்கு வந்த பிறகு, பழைய பாலிசிகளை ‘பெய்டு-அப்’ ஆக்கினால் (பிரீமியத்தை நிறுத்திவிட்டு, குறைந்த தொகைக்குப் பாலிசியைத் தொடர்ந்தால்) என்ன கிடைக்கும் என்று எழுத்தில் கேளுங்கள். அதில் மிஞ்சும் பணமும் கடனுக்குப் போகலாம். பெண் குழந்தைக்குச் செல்வமகள் கணக்கு இருந்தால் தொடருங்கள், 8.2 சதவீதம் வரியில்லாமல் வருவது உங்கள் கடன் வட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஊருக்கு அனுப்பும் 4,000ஐத் தொடாதீர்கள். உடல்நலக் காப்பீட்டையும் குறைக்காதீர்கள். ஆபீஸ் பாலிசி மட்டும்தான் இருக்கிறது என்றால் தனியாக ஒன்று எடுங்கள்.

கடைசித் தவணை கட்டியதோடு வேலை முடிவதில்லை. மொத்தக் கடனும் அடைந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களை நிறுவனம் திருப்பித் தர வேண்டும். 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, அவர்கள் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். கடன் வாங்கியபோது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த எம்ஓடியை ரத்து செய்யும் ரசீது ஆவணத்தையும் அங்கேயே பதிவு செய்து, பிறகு ஒரு வில்லங்கச் சான்று போட்டு அந்த ரத்துப் பதிவு ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.