உழைப்பு ஒருவருடையது, முடிவு யாருடையது?

கேள்வி: ஊக்கம், அதாவது ஆளை உழைக்கத் தூண்டும் விஷயம்தான் முக்கியம் என்கிறீர்களே சார், காசு கொடுத்தால்தான் மனிதன் உழைப்பானா?

பதில்: காசு மட்டும் இல்லை. சீனாவின் அன்ஹுய் மாகாணத்தில் சியாவ்காங் என்று ஒரு கிராமம். 1978 டிசம்பரில் அங்கே 18 விவசாயிகள் ரகசியமாகக் கூடி ஒரு தாளில் கைநாட்டு வைத்தார்கள். கூட்டுப்பண்ணை நிலத்தைக் குடும்பவாரியாகப் பிரிப்பது, அரசுக்குரிய தானியத்தை அளந்துவிட்டு மிச்சத்தை அவரவர் வைத்துக்கொள்வது. மாட்டினால் ஜெயில். அப்படிப் போகிறவரின் பிள்ளைகளை 18 வயதுவரை மற்றவர்கள் வளர்ப்பதாகவும் அதிலேயே எழுதிக்கொண்டார்கள். மறு வருடம் விளைச்சல் பல மடங்கு. அதே மண், அதே ஆட்கள்தான். எவ்வளவு நேரம் வயலில் நிற்பது என்பதை நிற்கிறவரே தீர்மானித்தார், மிச்சமும் அவருக்கே, அவ்வளவுதான் வித்தியாசம்.

கேள்வி: சோவியத்தில் இலக்கு வைத்து போனஸும் கொடுத்தார்களே, அது ஏன் எடுபடவில்லை?

பதில்: போனஸ் நன்றாகவே வேலை செய்தது, வில்லங்கமே அதுதான்! ஆலை மேலாளரின் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். திட்டம் 100 டன். உங்களால் 120 செய்ய முடியும். செய்தால் அடுத்த வருடத் திட்டம் 120 ஆகிவிடும். அதனால் 102 செய்து போனஸ் வாங்கிக்கொண்டு, மிச்சத் திறனை மறைத்து வைப்பீர்கள். இவர் மறைப்பது மேலே இருப்பவர்களுக்கும் தெரியும். அவர்கள் குத்துமதிப்பாக இலக்கைக் கூட்டுவார்கள். கடைசியில் இரண்டு பக்கமும் பொய்க் கணக்கு. எடைக்கு போனஸ் என்றால் எல்லாம் கனமாக வந்தது. ஒரே ஒரு ராட்சத ஆணியைச் செய்து திட்டத்தை முடித்த ஆலையைப் பற்றி அங்கே ஒரு கேலிச்சித்திரமே வந்தது.

கேள்வி: இன்றைய கம்ப்யூட்டர் அன்று இருந்திருந்தால் திட்டத்தைச் சரியாகப் போட்டிருக்கலாமே?

பதில்: 120-ஐ மறைத்தவர் கம்ப்யூட்டரிடமும் 102 என்றுதான் சொல்லியிருப்பார்.

கேள்வி: சரி, அப்போ எல்லாவற்றையும் சந்தையிடம் விட்டுவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். 2008 நிதி நெருக்கடிக்கு முன் அமெரிக்காவில் வீட்டுக் கடன் பிடித்துக் கொடுத்தவருக்கு அன்றைக்கே கமிஷன். கடன் வேறொருவருக்கு விற்கப்பட்டுக் கைமாறிப் போய்விடும். திரும்ப வருமா என்பது அவர் கவலை இல்லை. லாபம் எனக்கு, நஷ்டம் ஊருக்கு என்றால் எந்த அமைப்பும் கெடும். நட்டத்தில் ஓடும் ஆலைகளை அரசு தாங்கிப் பிடித்துக்கொண்டே இருப்பதைத்தான் ஹங்கேரியப் பொருளியலாளர் யானோஸ் கோர்னாய் 'மென்மையான பட்ஜெட் கட்டுப்பாடு' என்றார். அவர் பார்த்தது சோஷலிச ஆலைகளை. மூழ்கப் போனால் அரசு காப்பாற்றும் என்று நம்பும் பெரிய வங்கிகளுக்கும் அப்படியே பொருந்துகிறது.

கேள்வி: பொதுச் சொத்து என்றால் அரசு அல்லது தனியார், வேறு வழியே இல்லையா?

பதில்: உண்டு. 2009-இல் பொருளாதார நோபல் பெற்ற அமெரிக்க ஆய்வாளர் எலினார் ஆஸ்ட்ரம் இதைத்தான் ஆராய்ந்தார். சுவிட்சர்லாந்தின் டோர்பெல் கிராமத்தில் 1517-இலேயே ஒரு விதி: குளிர்காலத்தில் எத்தனை மாடுகளுக்கு உங்களால் தீனி போட முடிகிறதோ, அத்தனையைத்தான் கோடையில் பொது மேய்ச்சலுக்கு ஓட்டலாம். விதியை வகுத்தவர்கள் மாட்டுக்காரர்களே. தொழுவத்தில் கட்டியிருக்கும் மாட்டை யாரும் மறைக்க முடியாது, பாருங்கள்.